பிடித்த வேகத்தை விடுவது எப்படி?

முக்கோலையில் தொடங்கி காரோட்டில் முடிகிறது அந்தச் சாலை. சுமார் 16 கி.மீ. கான்கிரீட். கேரளத்தில் தேசிய நெடுஞ்சாலைக்குக் கான்கிரீட் போட்டது இங்கேதான் முதலில். கழக்கூட்டத்திலிருந்து திருவனந்தபுரம் நகரத்தைத் தொடாமல் வரும் 43 கி.மீ. பைபாஸின் கடைசித் துண்டு இது. நெய்யாற்றின்கரை தாலுகாவின் செம்மண் மேடுகளையும் தென்னந்தோப்புகளையும் வகிர்ந்துகொண்டு தமிழ்நாட்டு எல்லையை நோக்கி வருகிறது. இரு சக்கர வண்டிக்கு கேரளத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமான 60-இல் போனால் சரியாகப் பதினாறு நிமிடம்.

இந்தப் பதினாறு நிமிடத்துக்காகவே செய்ததுபோல் ஒரு வசதி பெரிய பயண பைக்குகளில் இருக்கிறது. க்ரூஸ் கண்ட்ரோல். கட்டைவிரலால் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். வண்டி அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பிடித்து மரத்துப்போன வலது மணிக்கட்டுக்கு விடுதலை. கன்னியாகுமரிக்குப் போகிற ஒருவர் கையை உதறிக்கொள்ளலாம், ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துடைக்கலாம், காலை முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளலாம். வண்டி தன்பாட்டுக்கு ஓடும்.

சிக்கல் பதினேழாவது நிமிடத்தில்.

இந்தப் பகுதி போக்குவரத்துக்குத் திறந்தபோது, காரோட்டுக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பக்கத்து நான்குவழிச் சாலை தயாராக இல்லை. நாலு வண்டி பக்கத்தில் பக்கத்தில் போகும் அகலம் சட்டென்று தீர்ந்து, வண்டிகள் ஊர்ச் சாலைகளில் இறங்கி பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் வழி தேடின. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்று போட்ட கோடு ஒரே நெடுஞ்சாலையை இரண்டு தனித்தனி வேலைகளாக்கி, இரண்டு தனித்தனி வேகத்தில் முடிக்க வைக்கிறது. அது வேறு கதை. பைக்கில் வருபவருக்கு இதனால் உள்ள விளைவு ஒன்றுதான்: கடைசி வரை தூக்கம் வருமளவு சமமான சாலை, அதன் முடிவில் தோளில் வாழைக்குலையோடு குறுக்கே வரும் ஆள். பொத்தானைத் தட்டி வேகத்தைப் பிடிக்கத் தெரிந்த எல்லோருக்கும் அந்த இடத்தில் அதை விடத் தெரியுமா என்பதே கேள்வி.

க்ரூஸ் கண்ட்ரோலின் கதையே ஒரு எரிச்சலில் தொடங்கியது. அதைக் கண்டுபிடித்த அமெரிக்கர் ரால்ஃப் டீட்டர் பார்வையற்றவர். 1890-இல் இண்டியானாவில் பிறந்து, ஐந்து வயதில் கத்தி விபத்தில் கண்ணை இழந்தவர். ஆனாலும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, பிஸ்டன் ரிங் செய்யும் கம்பெனியை நடத்தி, 1936-இல் அந்நாட்டு ஆட்டோமொபைல் பொறியாளர் சங்கத்துக்குத் தலைவரானார். அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது பேச ஆரம்பித்தால் வண்டி மெதுவாகும். கேட்க ஆரம்பித்தால் வேகமெடுக்கும். பக்கத்து சீட்டில் கண் தெரியாமல் உட்கார்ந்திருந்தவருக்கு ஒவ்வொரு குலுக்கலும் இரட்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். வேகத்தை ஒரே சீராக வைக்கும் கருவிக்கு 1945-இல் மனுப் போட்டு, 1950-இல் காப்புரிமை பெற்றார். 1958-இல் கிறைஸ்லர் கார்களில் அது வந்தது. காரோட்டுபவர் எப்போது வேண்டுமானாலும் பிரேக்கை மிதித்து அதை விடுவித்துவிடலாம் என்ற ஏற்பாடு, இன்றுவரை எல்லா க்ரூஸ் கண்ட்ரோலுக்கும் உயிர்நாடி.

பைக்குக்கு வர நாளாயிற்று. ஹோண்டாவின் கோல்ட் விங் 1985-இன் சிறப்புப் பதிப்பில் கொடுத்தது. அதன்பின் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் ராட்சத வண்டிகளின் அடையாளமாகவே அது ஆகிவிட்டது. இந்தியாவில் வெகு காலம் இது கோடீஸ்வரர்களின் சமாச்சாரம். இப்போது அப்படி இல்லை. 2023 செப்டம்பரில் டிவிஎஸ் அறிமுகம் செய்த அப்பாச்சி ஆர்டிஆர் 310-இல் க்ரூஸ் கண்ட்ரோல் உண்டு. 2025 ஜனவரியில் வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சரில் உண்டு. 2025 அக்டோபரில் வந்த அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300-இலும் உண்டு. ஓசூரில் தயாராகும் வண்டியை மாதத் தவணையில் வாங்கும் நாகர்கோவில் இளைஞரின் கட்டைவிரலுக்கு அடியிலும் அந்தப் பொத்தான் வந்துவிட்டது.

கேரளத்தில் அதற்கு ஒரு தனிப் பயனும் இருக்கிறது. 2023 ஜூலை 1 முதல் அம்மாநிலம் இரு சக்கர வண்டிகளின் உச்ச வேகத்தை 70-லிருந்து 60-ஆகக் குறைத்தது. அதற்கு முந்தைய மாதம்தான், ஜூன் 5-இல், 726 கேமராக்கள் கொண்ட அபராதத் திட்டம் அமலுக்கு வந்திருந்தது. 300 சிசி வண்டியை நான்குவழிச் சாலையில் 60-க்குள் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். முள் தன்னால் 75-க்குப் போய் நிற்கும். 58-இல் பிடித்து வைத்துவிட்டால் கேமராவைப் பார்த்து நெஞ்சு படபடக்க வேண்டாம். வேகமாகப் போக அல்ல, வேகமாகப் போகாமல் இருக்கவே இங்கே க்ரூஸ் கண்ட்ரோல் உதவுகிறது.

கார் ஓட்டிப் பழகியவர் இதை எளிதாக எடுத்துக்கொள்வார். காரில் ஒரே ஒரு பிரேக் பெடல். கால் அதைத் தேடிப் போகும், விட்டுவிடும். பைக்கில் விடுவதற்கு ஆறு வழிகள் இருக்கின்றன. ஆறும் ஒன்றல்ல. எந்த வழியில் விடுகிறோம் என்பதைப் பொறுத்து, அடுத்த இரண்டு விநாடியில் வண்டி செய்வது மாறும்.

முதலில் கைப் பிரேக். வலது கையில் உள்ள முன்சக்கர பிரேக் லீவரை இரண்டு விரலால் லேசாகத் தொட்டால் போதும். சக்கரம் பிடிக்கும் அளவு அழுத்த வேண்டியதில்லை. பின்னால் சிவப்பு விளக்கு எரியும் அளவுக்குத் தொட்டாலே க்ரூஸ் விட்டுவிடும். ஏனென்றால் அதற்குச் சேதி சொல்வது பிரேக் அல்ல, பிரேக் லைட்டுக்கான அந்தச் சின்ன ஸ்விட்ச். ஆறு வழிகளில் இதுவே சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம். பின்னால் வரும் டாங்கர் லாரிக்குச் சிவப்பு விளக்கு தெரிகிறது. விரல்கள் ஏற்கெனவே லீவர்மேல் இருக்கின்றன. அடுத்து உண்மையிலேயே நிறுத்த வேண்டியிருந்தால் அதே அசைவைத் தொடர்ந்தால் ஆயிற்று. ஒரு வேலை செய்து, பிறகு வேறு வேலைக்குக் கை மாற வேண்டியதில்லை.

கால் பிரேக்கும் இதே வேலையைச் செய்யும், கால் அதன்மேல் இருந்தால். பெரிய பயண வண்டிகளில் காலை நீட்டி வைத்துக்கொள்ள முன்னால் தனி மிதி உண்டு. க்ரூஸ் போட்ட பத்தாவது நிமிடத்தில் கால் அங்கே போய்விடும். அங்கிருந்து பெடலுக்குத் திரும்ப ஆகும் நேரத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

கிளட்ச். இடது லீவரைப் பிடித்தாலும் உடனே விட்டுவிடும். விடாவிட்டால் பாரம் நீங்கிய இன்ஜின் அலறும். அதனால் எல்லாக் கம்பெனிகளும் இதை வைத்தே தீருகிறார்கள். ஆனால் இதில் இரண்டு குறை. பின்னால் விளக்கு எரிவதில்லை. கிளட்ச் பிடித்திருக்கும் வரை இன்ஜின் வண்டியை இழுத்து நிறுத்த உதவுவதும் இல்லை. இறக்கத்தில் வண்டி உருண்டு போகும். பயந்தவுடன் கிளட்சைப் பிடிக்கும் பழக்கம் ஸ்கூட்டர் காலத்திலிருந்து நம் ஊர்க்காரர்களின் இடது கையில் ஊறியிருக்கிறது. அது வேகத்தை விடும், நிறுத்தாது.

நான்காவது வழிதான் பலரை ஏமாற்றுவது. ஆபத்து என்றால் ஆக்ஸிலரேட்டரை மூடுவது எந்த பைக்காரருக்கும் முதல் அனிச்சை. க்ரூஸ் போட்டு கையை எடுத்தவுடன் பிடி ஸ்பிரிங்கால் தானாகவே மூடிய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. இன்றைய வண்டிகளில் பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கேபிள் கிடையாது. பிடி எவ்வளவு திரும்பியது என்று ஒரு சென்சார் பார்த்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. காற்று வரும் வாயைத் திறப்பதும் மூடுவதும் கம்ப்யூட்டர். ஆகவே பிடி மூடியிருக்க, இன்ஜின் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பிடியை மூடப் போகும் கை, அது ஏற்கெனவே மூடியிருப்பதைக் காணும். ‘மூடித்தானே இருக்கிறது, ஏன் ஓடுகிறது?’ என்ற அரை விநாடிக் குழப்பம். மூடிய நிலையையும் தாண்டி முன்பக்கமாக இன்னும் கொஞ்சம் முறுக்கினால்தான் அங்குள்ள ஸ்விட்ச் வேலை செய்யும். பிஎம்டபிள்யூ, ஹோண்டா போன்ற பெரிய வண்டிகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது. தன் வண்டியில் இருக்கிறதா, எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கையேட்டில் படித்தால் மட்டும் போதாது. வெறும் சாலையில் நாலு முறை செய்து பார்த்து மணிக்கட்டுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, பொத்தான். ரத்து செய்யும் பொத்தான் அல்லது மொத்தமாக அணைக்கும் பொத்தான். கோல்ட் விங்கில் இவை வலது கைப்பக்கம். பிஎம்டபிள்யூவில் இடது கைப்பக்கம். வேறு சில வண்டிகளில் ஒரே பொத்தானை மேலே தள்ளினால் ஒன்று, கீழே தள்ளினால் மற்றொன்று. சாவகாசமாக இருக்கும்போது இது போதும். அவசரத்தில் விரலுக்குப் பொத்தானைத் தேடும் வேலை கொடுக்கவே கூடாது. 60 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்குப் பதினாறரை மீட்டருக்கு மேல் போகிறது. ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும் நடுவில் கட்டைவிரல் இரண்டு விநாடி தடவினால் 33 மீட்டர் போயாயிற்று. நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தால் 60-லிருந்து முழுசாக நிற்கவே சுமார் 20 மீட்டர்தான் வேண்டும். தேடிய நேரத்தில் நின்றிருக்கலாம்.

கடைசியாக இன்ஜினை அணைக்கும் சிவப்பு ஸ்விட்ச். எல்லாம் கைவிட்டால் இது. கியரில் இருக்கும்போது அணைத்தால் பின்சக்கரம் இழுபட்டு வண்டி குறையும். கிளட்ச் பிடிக்காமல், பிரேக்கோடு சேர்த்துச் செய்ய வேண்டியது. வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தேவைப்படாமல் போனால் நல்லது.

விட்டாயிற்று. அதோடு முடிந்ததா என்றால், இல்லை.

பிரேக்கைத் தொட்டோ கிளட்சைப் பிடித்தோ விட்டால் வேகத்தைப் பிடித்திருந்த பிடி மட்டும்தான் விடுகிறது. எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம் என்பது அதன் நினைவில் இருக்கும். ‘திரும்பப் பிடி’ என்று ஒரு பொத்தான் எல்லா வண்டியிலும் உண்டு. அதைத் தட்டினால் பழைய வேகத்துக்கு வண்டி தானாக ஏறும். பைபாஸில் யாரோ குறுக்கே வந்து வேகம் குறைத்துவிட்டு, வழி தெளிந்ததும் மறுபடி ஏறுவதற்கு நல்ல ஏற்பாடு. ஆனால் அதே நினைவோடு பாறசாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால்? 30-க்கு மேல் போக முடியாத கூட்டம். கொஞ்சம் வழி கிடைத்து 40, 45 எட்டும் நேரத்தில் ஹாரனைத் தேடிய கட்டைவிரல் பக்கத்துப் பொத்தானில் படுகிறது. வண்டி 60-ஐ நினைவுவைத்து முன்னால் பாய்கிறது. பல வண்டிகளில் குறிப்பிட்ட வேகத்துக்கும் கியருக்கும் கீழே க்ரூஸ் வேலை செய்யாது என்பது ஒரு பாதுகாப்புதான். ஆனால் அந்த எல்லை வண்டிக்கு வண்டி மாறும், கடைத்தெரு வேகத்திலேயே சிலவற்றில் அது பிடித்துக்கொள்ளும்.

ஆகவே காரோட்டுக்கு வரும்போது செய்ய வேண்டியவை இரண்டு. இறக்கத்துக்கு முன்பாக, ஊர்ப்பலகை கண்ணில் பட்டவுடன், கைப் பிரேக்கை லேசாகத் தொட்டு விடுவது. பிறகு மொத்தப் பொத்தானை அணைத்து, மீட்டரில் அந்த விளக்கு போய்விட்டதா என்று பார்ப்பது. மொத்தப் பொத்தானை அணைத்தால்தான் நினைவும் போகும். இரண்டாவதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. பக்கத்து ஊர்க்கார இளைஞர்கள் அதை நாள் முழுவதும் எரியவிட்டுக்கொண்டே ஓட்டுவதும் உண்டு, அழகுக்காக.

இன்னொரு மயக்கம், முந்திச் செல்லும்போது. 58-இல் பிடித்திருக்கையில் முன்னால் மரம் ஏற்றிய லாரி. பிடியை முறுக்கினால் வண்டி வேகமெடுக்கும். க்ரூஸ் தடுக்காது. லாரியைத் தாண்டியபின் பிடியை விட்டால் வண்டி குறையும். ஓட்டுபவர் இன்ஜின் முழுசாகத் தளர்ந்துவிட்டது என்று நினைக்கிறார். தளரவில்லை. 58-க்கு வந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். பிடியை முறுக்குவது க்ரூஸை விடுவிப்பதில்லை என்பது பழகாதவர் கைக்குத் தெரியாது.

மழையில் இதைத் தொடவே வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும், மறுபடி ஐப்பசியிலும் தென்கேரளத்துச் சாலைகளில் தண்ணீர் படலமாக ஓடும். பின்சக்கரம் நழுவினால் ஓட்டுபவரின் கை தானாகத் தளரும். க்ரூஸ் வேகம் குறைந்ததாக எண்ணி இன்னும் கொஞ்சம் இழுக்கும். சக்கரம் நழுவுவதைக் கண்டறியும் வசதியுள்ள வண்டிகளில் அந்த நேரம் க்ரூஸ் தானே விட்டுவிடும். அது நழுவிய பிறகுதான். வளைவிலும் அப்படியே. வளைவுக்குள் சாய்ந்திருக்கும்போது வேகத்தை முடிவு செய்ய வேண்டியது ஓட்டுபவர்.

முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் ரேடார் வைத்த பைக்குகளும் வெளிநாடுகளில் 2020-க்குப் பின் வந்துவிட்டன. டுகாட்டி முதலில், பிறகு பிஎம்டபிள்யூ, கேடிஎம். அவற்றை வாங்க முடிந்தவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிஎம்டபிள்யூவின் ஏற்பாடு, நின்றுகொண்டிருக்கும் வண்டியைக் கணக்கில் எடுப்பதில்லை என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. ஊர்ச் சாலையோரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் டிப்பர் அதற்கு இல்லாத பொருள்.

இதையெல்லாம்விட மோசமானது கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போலி. ஆக்ஸிலரேட்டர் பிடியை ஒரு நிலையில் இறுக்கி நிறுத்தும் வளையம். இதையும் க்ரூஸ் கண்ட்ரோல் என்றே விற்கிறார்கள். அது வேகத்தைப் பிடிப்பதில்லை, கையைப் பிடிக்கிறது. பிரேக்கைத் தொட்டால் அதற்குத் தெரியாது. கிளட்ச் பிடித்தால் தெரியாது. பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்க இன்ஜின் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். கையால் திருகித்தான் விடுவிக்க வேண்டும், அதே கை பிரேக்கையும் பிடிக்க வேண்டும். விலை குறைந்த வண்டியில் வசதி வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் பிரேக்கோடு பேசாத பொருளைக் கைப்பிடியில் மாட்டுவதைவிட மணிக்கட்டு வலிப்பது மேல்.

காரோட்டிலிருந்து பழைய நெடுஞ்சாலைக்கு வந்து சேர்ந்தால் பேச்சே வேறு. ஒரு காலத்தில் தேசிய நெடுஞ்சாலை 47, இப்போது 66. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் என்று ஊருக்கு ஊர் தோளோடு தோள் உரசும் சாலை. ஒரு கடைத்தெரு முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். திருவனந்தபுரத்திலிருந்து வரும் கேரள அரசு பஸ்கள் களியக்காவிளையில் திரும்புகின்றன. தமிழ்நாட்டு பஸ்கள் எதிரே வருகின்றன. கேரளத்தைவிடத் தமிழ்நாட்டில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அதனால் பாறசாலைப் பக்கத்து ஸ்கூட்டர்கள் எல்லை தாண்டி வந்து, பங்க்கைக் கண்டதும் இண்டிகேட்டர் போடாமல் வலது பக்கம் திரும்பும். இந்தச் சாலையில் க்ரூஸ் கண்ட்ரோல் போடுகிறவர் ஓட்டுவதற்கு வரவில்லை, வேடிக்கைக்கு வந்திருக்கிறார்.

பாறசாலையில் நிற்கிற கிழவி ‘நிர்த்து’ என்பார். பத்து நிமிடம் தள்ளி களியக்காவிளையில் ‘நிறுத்து’. காதில் விழும்போது இரண்டும் ஒன்றுதான். ஹெல்மெட்டுக்குள் இரண்டும் கேட்பதில்லை.

நான்குவழிச் சாலை முழுசாகத் தமிழ்நாட்டுக்குள் இணைந்தபின் கன்னியாகுமரி வரை ஒரே சீராகப் போகலாம் என்ற எதிர்பார்ப்பு எல்லைக் கிராமங்களில் இருக்கிறது. அப்போது பதினாறு நிமிடம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும். கை இன்னும் அதிக நேரம் பிடியிலிருந்து விலகி இருக்கும், கால் இன்னும் நீண்டு கிடக்கும். விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-இல் முறைப்படி திறக்கப்பட்டுவிட்டது. முக்கோலை அதன் பக்கத்திலேயே இருக்கிறது. கன்டெய்னர் லாரிகள் கூடுவதை எதிர்பார்க்கலாம். சாலைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் தோப்பும் உள்ள செங்கல், காரோடு கிராமத்துக்காரர்கள், சுரங்கப்பாதை அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் குறுக்கேதான் கடப்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சாலை வருவதற்கு முன்பும் அது அவர்கள் நடந்த வழி.

கருவி நம்பகமானதுதான். ஆனால் அதன் உயிர் பிரேக் லைட் ஸ்விட்சில் இருக்கிறது. மழையும் மண்ணும் சேறும் அந்த ஸ்விட்சைக் கெடுக்கும். முன் லீவருக்கு ஒன்று, பின் பெடலுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருப்பதால், ஒன்று செத்தாலும் மற்றது விளக்கை எரியவிடும். விளக்கு எரிகிறதே என்று ஓட்டுபவர் நிம்மதியாக இருப்பார். சில வண்டிகள் ஸ்விட்ச் கெட்டால் க்ரூஸைப் பிடிக்கவே மறுக்கும். மறுத்தால் கோபப்படாமல் மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.

அதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். களியக்காவிளையில் பெட்ரோல் போட்டபின் பங்க்கைவிட்டு வெளியே தள்ளி, ஏதாவது ஒரு சுவருக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்தி சாவியைத் திருப்ப வேண்டும். முதலில் கை லீவரை மட்டும் இரண்டு விரலால் தொட்டு விடலாம். பிறகு காலை மட்டும் அழுத்தலாம். திரும்பிப் பார்த்தால் சுவரில் சிவப்பு வெளிச்சம் இரண்டு தடவை விழுந்திருக்க வேண்டும்.